ஊட்டிக் குளிரில் கோழிகளுக்கு வைட்டமின் கொடுக்க வேண்டுமா?

கோத்தகிரி பக்கம் 20 நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன், உறைபனி மாதங்களில் வைட்டமின் டானிக் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் முதலில் தீனியைப் பாருங்கள். குளிரில் கோழி சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைக்கவே போய்விடும், அதனால் சாயங்காலம் அடையும் முன் ஒரு கை மக்காச்சோளம் கூடுதலாகப் போடுங்கள், வெறும் டானிக் அந்த இடத்தை நிரப்பாது.

சரி, வைட்டமினுக்கு வருவோம். வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே தயாரித்துக்கொள்ளும், கடுங்குளிரில் அது போதாமல் போகலாம். மூடுபனியில் நாள்கணக்கில் வெயில் படாவிட்டால் டி3 குறையும், சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது, கையில் எடுத்தால் அமுங்குகிற தோல்முட்டை வரும். குஞ்சுகளுக்கு விரல்கள் உள்பக்கம் சுருண்டு கணுக்காலால் தவழ்ந்தால் பி2 குறைவு என்று சந்தேகப்படுங்கள், உடனே பி காம்ப்ளக்ஸ் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

பலர் கவனிக்காத விஷயம், குளிரில் கோழி தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும், அதில் கலந்த மருந்தும் பாதிதான் உள்ளே போகும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு வேளைக்கு மட்டும் கலந்து வையுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கம்பெனித் தீவனத்தில் வைட்டமின் ஏற்கெனவே கலந்திருக்கும், அதைப் போடுகிறவர்கள் ஏ, டி-யை இஷ்டத்துக்கு ஊற்றக் கூடாது, அவை உடம்பில் தேங்கும், டி அதிகமானால் சிறுநீரகம் கெடும்.

அப்புறம் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு இல்லாமல் எந்த வைட்டமினும் உதவாது.