25 பேர் அலுவலகத்துக்கு மைக்ரோசாஃப்ட் 365 மாதிரி ஒன்று வாங்கினால் மொத்தம் எவ்வளவு ஆகும்?

மெயில், ஃபைல், மீட்டிங் எல்லாம் ஒரே இடத்தில் வரும்படி ஒரு மென்பொருள் வாங்க முதலாளி சொல்கிறார், 25 பேருக்கு என்ன செலவு ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு இதே கணக்கை நானும் போட்டேன். லைசென்ஸ் விலையைச் சரியாகத்தான் போட்டேன், மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன்.

லைசென்ஸ் கணக்கு சுலபம். ஓர் ஆளுக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 பேருக்கு வருடம் 90,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 16,200. ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனி என்றால் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனி நேரடியாக டாலரில் பில் போட்டால் அந்த வரியை, விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில், நீங்கள்தான் கட்ட வேண்டும். கார்டில் பேங்க் பிடிக்கும் கட்டணம் தனி.

எங்களுக்கு அடி விழுந்த இடம் வேறு. விலை குறைவு என்று எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட் 365-இன் பிசினஸ் பேசிக் என்ற திட்டத்தை எடுத்தோம். அதில் எக்செல் பிரவுசரிலும் மொபைலிலும்தான் ஓடும். பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மெர்சன்டைசர் நூல் விலை, நிட்டிங், டையிங், தையல் கூலி எல்லாம் போட்டு பீஸ் விலை எடுக்கும் காஸ்டிங் ஷீட் ஒன்று வைத்திருந்தார், பல வருடமாகச் செதுக்கியது. பிரவுசரில் திறந்து "கணக்கிடு" பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருந்தது மேக்ரோ, எக்செல்லுக்குள் எழுதிவைக்கும் சின்ன புரோகிராம்; அது பிரவுசரில் ஓடாது. பையருக்கு அன்று மாலைக்குள் விலை சொல்லியாக வேண்டும். கடைசியில் நான்கு பேருக்கு, கம்ப்யூட்டரில் நிறுவும் எக்செல்லோடு வரும் விலை கூடிய திட்டத்துக்கு மாறினோம். அதனால் விலை விசாரிக்கும் முன்பே யார் எந்த ஃபைலில் வேலை செய்கிறார்கள் என்று அவரவர் மேஜைக்குப் போய்ப் பாருங்கள். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படிப் போகும்போது வாங்க வேண்டிய லைசென்ஸ் எண்ணிக்கையும் குறையும். ஷிப்பிங், அக்கவுண்ட்ஸ் என்று பொதுவாக இருக்கும் மெயில் முகவரிகளுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். மைக்ரோசாஃப்டில் 50 ஜிபி வரை, பலர் சேர்ந்து பார்க்கும் ஷேர்டு மெயில்பாக்ஸாக வைக்கலாம்; இதே மாதிரியான கூகுள் வொர்க்ஸ்பேஸ் எடுத்தால், ஒரே முகவரிக்கு வரும் மெயில் பலருக்கும் போகும் குரூப் போதும்.

அடுத்தது ஆட்களின் நேரம். இதை யாரும் செலவாக எழுதுவதே இல்லை. பழக ஒருவருக்கு 12 மணி நேரம் என்றால் 25 பேருக்கு 300 மணி. 25,000 சம்பளத்தை மாதம் 200 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 125 ரூபாய். ஆக 37,500, லைசென்ஸில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய மெயிலை ஏற்றும் வேலையும் உண்டு. எங்கள் அவுட்லுக் ஃபைல்கள் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகக் கிடந்தன. எல்லாவற்றையும் ஏற்ற மூன்று வாரம் ஆனது, பகலில் நெட் இழுத்தது என்று ராத்திரிதான் ஓட விட்டோம்.

வருட ஒப்பந்தம் போடும்போது ஆள் எண்ணிக்கையைக் குறைத்தே போடுங்கள். நடுவில் கூட்டலாம், ஆனால் மைக்ரோசாஃப்டில் வாங்கி 7 நாள் தாண்டிவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை குறைக்க முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போன எங்கள் ஆட்கள் மூன்று பேர் திரும்பவில்லை. அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கவும் இல்லை, பணம் மட்டும் வருடக் கடைசி வரை போனது. மாத ஒப்பந்தம் என்றால் விலை சுமார் 20 சதவீதம் கூடும். ஆள் அடிக்கடி மாறும் இடத்தில், அப்படி மாறுபவர்களுக்கு மட்டும் அதை எடுப்பது நல்லது.

முதலாளியிடம் காட்டும் தாளில் முதல் வருடத்தையும் இரண்டாம் வருடத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். பழகும் நேரமும் மெயில் ஏற்றும் கூலியும் முதல் வருடத்தில் மட்டும்தான் வரும். முதல் வருடத் தொகையை மட்டும் பார்த்தால் யாருக்கும் வேண்டாம் என்றுதான் தோன்றும்.