ஊதுகுழல் பிடிக்கும் கை நடுங்குகிறது. மாத்திரையை நிறுத்தியது சரிதானா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 38. கோவையில் சிறிய தங்க நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐந்து இரவுகள் தூங்காமல் வேலை பார்த்து, கிடைத்த இடத்திலெல்லாம் கடன் வாங்கித் தங்கம் எடுத்து, கடைசியில் வாடிக்கையாளர் ஒருவரோடு கைகலப்பு வரை போனபோது, என் மனைவியும் மைத்துனரும் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மூன்று மாதம் பட்டறைப் பக்கமே போகாமல் படுத்துக் கிடந்ததும் இதே நோய்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அன்று முதல் லித்தியம் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் இரண்டு. மறுபடி எதுவும் வரவில்லை.

கை நடுக்கம் ஆரம்பத்திலிருந்தே லேசாக உண்டு, சமாளித்து வந்தேன். ஆனால் கடந்த மூன்று மாதமாக, பொடி வைத்து ஊதும்போதும் கல் பதிக்கும்போதும் கை நிற்பதில்லை. உட்கார்ந்தே வேலை செய்வதால் முதுகுவலி வேறு. அதற்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி அன்றாடம் போடுகிறேன். மூன்று வாரமாக லித்தியத்தை நிறுத்திவிட்டேன். மனைவிக்குத் தெரியாது. அவள் தண்ணீரோடு எதிரில் நின்று கொடுப்பாள். நாக்கின் அடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பிவிடுவேன். நடுக்கம் நின்றுவிட்டது. மனமும் தெளிவாக இருக்கிறது. நான்கு மணி நேரத் தூக்கமே போதுமென்றிருக்கிறது. முன்பணம் வாங்காமலே இரண்டு கல்யாண வீட்டு ஒட்டியாணங்களுக்கு ஒப்புக்கொண்டேன். நன்றாக இருப்பவனுக்கு எதற்கு மாத்திரை? பழகிவிட்டால் விட முடியாது, கிட்னியும் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் முடிவு சரிதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை.

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கும் வரிகளே எனக்கு முதலில் கவலை தந்தன. நான்கு மணி நேரத் தூக்கம், களைப்பின்மை, முன்பணமின்றி ஒப்புக்கொண்ட வேலை ஆகிய மூன்றும், நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் ஐந்து இரவுகள் விழித்திருந்த கதையின் முதல் பக்கத்தைப் போலவே இருக்கின்றன. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தியவர்களுக்கு மன எழுச்சி திரும்பிவரும் ஆபத்து, அடுத்து வரும் சில மாதங்களில்தான் மிகுதி. அதோடு, தற்கொலை எண்ணத்திலிருந்து அந்த மருந்து தரும் காப்பும் போய்விடுகிறது. ஆகவே இந்த வாரமே, முடிந்தால் நாளையே, உங்கள் மனநல மருத்துவரிடம் சென்று நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய அளவை நீங்களாகவே மறுபடி தொடங்கவும் வேண்டாம். நான் உளவியல் ஆலோசகர். அளவைச் சொல்வது மருத்துவரின் வேலை.

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். கல் பதிப்பவருக்கு அது பிழைப்பைத் தொடும் விஷயம் என்பதால் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாகத்தான் அது கூடியது என்கிறீர்கள்; முதுகுவலி மாத்திரை எப்போது தொடங்கியது என்று நினைத்துப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். அடுப்பருகே வியர்த்துக்கொண்டு போதிய தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் அப்படியே ஆகும். நோய் திரும்பாமல் காக்கும் பராமரிப்புக் காலத்தில் பலருக்கு இந்த அளவை லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள். அதைத் தாண்டினால் நடுக்கம் மிகும். இன்னும் ஏறினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் வரை போகும், அது அவசர சிகிச்சைக்குரியது. மருந்தைக் குற்றவாளியாக்கும் முன், கடைசி மாத்திரை விழுங்கி 12 மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்திருந்தாலே காரணம் தெரிந்திருக்கும். முழு அளவையும் இரவு ஒரே வேளையாக மாற்றுவது, அளவைச் சற்றுக் குறைப்பது, ஆஸ்துமா போன்ற தடை இல்லையெனில் நடுக்கத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையைச் சேர்ப்பது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. டீயும் நடுக்கத்தைக் கூட்டலாம் என்பதால், நாளொன்றுக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. சிறுநீரகத்தையும் தைராய்டையும் லித்தியம் பாதிக்கக்கூடும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்கிறார்கள். பழக்கமாகிவிடும் என்பது மட்டும் தவறு. அது போதை தருவதில்லை. 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் மன எழுச்சிக்கு அதன் பயனை வெளியிட்டது முதல் இன்றுவரை பயன்பாட்டில் இருக்கும் ஓர் உப்பு. நிறுத்தத்தான் வேண்டுமென்றாலும் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நன்றாக இருப்பவனுக்கு எதற்கு என்ற கேள்வியை இந்தக் கோளாறு உள்ள பலரும் கேட்கிறார்கள். அதன் அடியில், எழுச்சிக் காலத்தில் கிடைத்த கைவேகத்தின் மீதான ஏக்கமும் சில சமயம் இருக்கும். உங்களுக்கு அது இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடமும் சொல்லலாம்.

மனைவியிடம் சொல்வதுதான் உங்களுக்குக் கடினம் என்று ஊகிக்கிறேன். 38 வயதில் ஒருவர் எதிரில் நின்று விழுங்கவைப்பது கூச்சம் தரும். ஆனால் உங்கள் ஒளிவு அவரைக் காவலராகவே வைத்திருக்கும். மாத்திரைப் பெட்டி உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். தூக்கம் குறைவது, முன்பணமின்றி வேலை ஒப்புக்கொள்வது ஆகிய அறிகுறிகளைக் கண்டால் மருத்துவரை அழைக்கும் உரிமை அவருக்கு இருக்கட்டும் என்று பேசி முடிவெடுக்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனம் தெளிவாக இருக்கும் காலத்திலேயே, நோய் முற்றினால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், யார் உங்கள் சார்பில் பேச வேண்டும் என்று எழுத்தில் வைக்கலாம். இதை ஏனோ பலரும் பயன்படுத்துவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது முதுகுவலி மாத்திரையின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த இரண்டு ஒட்டியாணங்களுக்கும் இன்னும் தங்கம் எடுக்கவில்லை என்றால் அதுவரை எடுக்க வேண்டாம். இரவில் தூக்கம் மேலும் குறைந்தாலோ, உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினாலோ, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.