சிப்பிச் சாவு முதல் பீலித் தண்ணீர் வரை: வாசகர் கேள்வி-பதில்

கணவரின் ஊர் மூதூர். மாரி வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றுமுகத்தில் சிப்பிகள் ஓடு திறந்து செத்துக் கிடக்கின்றனவாம். எங்கள் மலையில் அடிக்கும் மருந்துதான் காரணமா? (தலவாக்கலை வாசகி)

முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்தை அல்ல, நன்னீரை. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியார் குடாவில் கலக்கிறது. வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் இறங்கினால் அங்கே உப்பு சட்டென்று குறைந்துவிடும். சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். வெள்ளம் நீடித்து நீரும் சூடேறினால் உள்ளேயே இறந்துவிடும். ஓட்டை இழுத்துப் பிடித்திருந்த தசை தளர்ந்ததும் ஓடு தானாகத் திறக்கும்.

சிப்பியோடு மீனும் நண்டும் மிதந்தனவா என்று கேட்டுப் பாருங்கள். மீன் உப்பைத் தேடி நீந்திவிடும். பாறையில் ஒட்டிய சிப்பிக்குப் போக்கிடம் இல்லை. எல்லாமே ஒன்றாகச் செத்திருந்தால் நஞ்சையோ ஒட்சிசன் குறைவையோ தேட வேண்டும். அப்போது அன்றே நீர் மாதிரி எடுக்க வேண்டும். பிந்தினால் தடயம் அடித்துச் செல்லப்பட்டுவிடும்.

அந்தச் சிப்பியைச் சமைக்கலாமா?

வேண்டாம். தட்டினால் மூடாத சிப்பியை வீசிவிடுங்கள். நீரை வடிகட்டி உண்ணும் உயிர் அது. வெள்ளம் கொண்டுவந்த கிருமிகள் அதன் உடலில் சேர்ந்திருக்கும்.

மரக்கறித் தோட்டத்துக் குளத்தில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கின்றன. (கந்தப்பளை)

நீர் பச்சையாக இருக்கிறதா? யூரியாவும் கோழி எருவும் மழையில் இறங்கிப் பாசியை வளர்த்திருக்கும். பகலில் ஒட்சிசன் தரும் பாசி, இரவு முழுவதும் அதை உறிஞ்சும். அதனால்தான் விடியும் நேரம் ஆபத்தானது. ஒட்சிசன் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தவிக்கும். 2க்குக் கீழே பல இனங்கள் பிழைப்பதில்லை. தீனியை நிறுத்துங்கள், பம்பால் நீரை மேலிருந்து தூவிக் கொட்டுங்கள். எருக்குவியலை மூடிவையுங்கள், பாத்திக்கும் குளத்துக்கும் நடுவே புல் வளர விடுங்கள்.

ஊற்றிலிருந்து வரும் எங்கள் பீலித் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. காய்ச்ச வேண்டுமா? (லிந்துலை)

கட்டாயம். ஊற்றுக்கு மேலே லயக் குடியிருப்போ கழிப்பறைக் குழியோ இருந்தால் தெளிவை நம்பவே கூடாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். ஆனால் உரத்தால் வந்த நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்காதீர்கள். குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயக்கூடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். "நல்ல தண்ணீர்தான்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாமல் அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.