தோட்டத்து எலிக்குத் துப்பாக்கி தேவையா? வேலூர்ப் பக்கத்து விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடாற்காட்டுப் பகுதியிலிருந்து, தோட்டத்தில் பயிரை அழிக்கும் எலி, அணில், பன்றி ஆகியவற்றைத் துப்பாக்கியால் கட்டுப்படுத்துவது பற்றி நண்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். இராணுவத்தில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவன் என்ற முறையிலும், இப்போது கணியம்பாடிப் பக்கம் தென்னையும் மாவும் வைத்திருப்பவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

கேள்வி (குடியாத்தம்): ஐயா, என் தென்னந்தோப்பில் எலியும் அணிலும் குரும்பைகளைத் துளைத்துத் தள்ளுகின்றன. கல்லூரியில் என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைஃபிள் (குழலின் துளை 0.22 அங்குலம்) சுட்டுப் பழகியிருக்கிறேன். அதையே உரிமம் பெற்று வாங்கித் தோப்பில் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முதலில் சொல்வது குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியைத்தான். பாயிண்ட் 22 ரைஃபிளை அதே பிரிவு, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் ஆயுதமாகக் குறிப்பிடுகிறது. வேறு காரணத்துக்காக விண்ணப்பிப்பவர் அது தக்க காரணம்தான் என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்கு மெய்ப்பிக்க வேண்டும். குரும்பை விழுகிறது என்பதை அப்படியொரு காரணமாக அவர் ஏற்றுக்கொள்வார் என்று நான் நம்பவில்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் பண்ணைக்காரர்கள் முயலையும் எலியையும் இந்த ரைஃபிளால் சுடுவதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் கேட்கிறார்கள். அந்த நாடுகளின் சட்டமும் வேறு, நிலத்தின் பரப்பும் வேறு.

உரிமமே கிடைத்தாலும் தென்னை மரத்தை நோக்கி அதைச் சுடக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. பாயிண்ட் 22 தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுள்ளது. நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 140 ஜூலுக்குக் குறையாது. தோட்டாப் பெட்டிகளிலேயே ஒன்றரை மைல் வரை அபாயம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். என்.சி.சி.யில் நீங்கள் 25 மீட்டரில் சுட்டபோது இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த மேடு இருந்ததால்தான் அங்கே சுட அனுமதித்தார்கள். தென்னங்கொண்டையில் ஓடும் அணிலுக்குப் பின்னால் இருப்பது வெறும் ஆகாயம். குறி தவறிய குண்டு அடுத்த ஊரின் ஓட்டு வீட்டிலோ, பாலாற்றங்கரையில் மாடு மேய்ப்பவர் மீதோ போய் விழலாம். கீழ்நோக்கிச் சுட்டாலும் நம் பக்கத்துப் பாறையிலும் தண்ணீர் கட்டிய வயலிலும் பட்ட குண்டு தெறித்து எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தோப்புக்கு வேண்டியது தகரம். அகலம் 40 சென்டிமீட்டர் உள்ள துத்தநாகம் பூசிய தகட்டை, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி வழுவழுப்பாக, இடுக்கில்லாமல் அடித்துவிட்டால் எலியின் நகம் பற்றாது. மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் நெருக்கமான தோப்பில் இது மட்டும் போதாது, ஏனெனில் எலி தரைக்கு இறங்காமலே மரம் விட்டு மரம் தாவும். அங்கே ஐந்து மரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், கொண்டையில் 0.005 சதவீத புரோமடியோலோன் எலிமருந்துக் கட்டியை 10 கிராம் வீதம், 12 நாள் இடைவெளியில் இரண்டு முறை வைக்கப் பரிந்துரைக்கிறார்கள். செத்து விழும் எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றைத் தின்னும் ஆந்தையும் சாகும். அணிலைப் பொறுத்தவரை, விழுந்த காய்களை எடுத்து ஓட்டையைப் பார்த்து எலியின் வேலை எவ்வளவு, அணிலின் வேலை எவ்வளவு என்று பிரித்தறிந்த பிறகே அதன்மீது பழி போடுங்கள்.

கேள்வி (காட்பாடி): ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? வீட்டுத் தோட்டத்தில் பெருச்சாளி கிழங்கையெல்லாம் தோண்டிவிடுகிறது.

பதில்: 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இவற்றில் ஒன்று மிஞ்சினாலும் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதாலேயே எதையும் எங்கேயும் சுடலாம் என்று பொருளாகாது. வீட்டு எலி, பெருச்சாளி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காட்பாடி போன்ற நெருக்கமான குடியிருப்பில் நான்கடி மதிலைத் தாண்டிப் பெல்லட் (ஏர்கன்னின் சிறு குண்டு) போனால் அது குற்ற வழக்காகிவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத நுட்பம் ஒன்று உண்டு. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியில் கண்ணின் கோடு குழலுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே இருக்கும். 15 மீட்டரில் குறி சரிசெய்த துப்பாக்கியால் 5 மீட்டரில் இருக்கும் பெருச்சாளியைச் சுட்டால், பெல்லட் குறிக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் கீழே படும். அவ்வளவு சிறிய தலையில் அந்த வேறுபாடு, உடனே சாவதற்கும் காயத்தோடு வளைக்குள் போய் நாள்கணக்கில் துடிப்பதற்கும் உள்ள வேறுபாடாகும். எந்தத் தூரத்தில் சுடப்போகிறீர்களோ அதே தூரத்தில், மணல் மூட்டையின்மேல் காகிதம் ஒட்டிச் சுட்டுப் பார்த்து, ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழும்வரை பிராணியைக் குறிவைக்காதீர்கள். பெல்லட் ஈயம் என்பதால் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

உண்மையில் பெருச்சாளிக்குக் கூண்டுப்பொறியும் கருவாட்டுத் துண்டும் போதும். வயல் வரப்பு எலிக்கு, நம் பகுதி இருளர் மக்களைப் போல வளையைப் படித்துத் தோண்டிப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஈடாக எந்தத் துப்பாக்கியையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி (கம்மவான்பேட்டை): இராணுவத்தில் இருந்த என் தந்தை உரிமத்தோடு வைத்திருந்த பாயிண்ட் 22 ரைஃபிள் அவர் காலமான பிறகும் பீரோவில் இருக்கிறது. நான் எடுத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. உரிமம் ஆளுக்குத்தானே தவிரத் துப்பாக்கிக்கு அன்று. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு வாரிசு என்ற முறையில் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தாமதித்தால் உரிமமின்றி வைத்திருந்த குற்றமாகும்; 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கான தண்டனை 2 ஆண்டுகளில் தொடங்குகிறது. ஒப்படைக்கும் முன் வெறும் குழலில் விசையைத் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். இவ்வகைத் தோட்டாவில் தீமருந்து அடிப்பாகத்தின் விளிம்பில் இருப்பதால், அடிக்கும் ஊசி தோட்டா இல்லாதபோது குழலின் ஓரத்திலேயே மோதிப் பழுதாக்கிவிடக்கூடும்.

கேள்வி (ஒடுகத்தூர்): நிலக்கடலையைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் உழுதுவிடுகின்றன. நாட்டுத் துப்பாக்கியோ மின்வேலியோ தவிர வழியில்லையா?

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானது, கேட்ட இரண்டு வழியும் சிறைக்குத்தான் போகும். கள்ள மின்வேலியில் பன்றியைவிடத் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர் சாவதுதான் நம் பக்கத்துச் செய்தி. பன்றி வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அச்சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமன்று, கண்ணி வைப்பதும், நஞ்சிடுவதும், இரை வைத்து இழுப்பதும் கூட. பயிர் அழிப்பதைக் காரணம் காட்டிச் சுட உத்தரவிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு 11ஆம் பிரிவில் உண்டு. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். ஆகவே உங்கள் நிலம் காட்டெல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் பெற்று, சேதத்தைப் படமெடுத்து, வனச்சரகரிடம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி (இலவம்பாடி): எங்கள் முள்ளுக் கத்தரித் தோட்டத்தில் மயில் இறங்குகிறது. ஏர்கன்னால் அடிபடாமல் விரட்டினால்கூடக் குற்றமா?

பதில்: அடிபடாமல் என்பது உங்கள் எண்ணம், மயிலுக்கு 4.5 மில்லிமீட்டர் பெல்லட் இறகுக்குள் புகுந்தால் அதன்பின் உங்கள் எண்ணத்தை யாரும் கேட்க மாட்டார்கள். மயில், வன உயிரினச் சட்டத்தில் மிகுந்த பாதுகாப்புப் பெற்ற முதல் அட்டவணைப் பறவை. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நாற்றங்காலுக்கு வலை போடுங்கள், வேலியோரப் புதரை வெட்டுங்கள். குரங்கையும் கிளியையும்கூடச் சுடாதீர்கள்.

கேள்வி (ஆம்பூர்): வௌவாலும் காகமும் தீங்குயிரிப் பட்டியலில் இருப்பதால் மாந்தோப்பில் சுடலாம் என்கிறார்களே?

பதில்: வன உயிரினச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையான அந்தப் பட்டியல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இல்லை. பழைய புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள். பழத்துக்கு உறை போடுவதும், முற்றிய காயை ஒரு வாரம் முன்னதாகப் பறித்துப் பழுக்க வைப்பதும் செலவு குறைந்த வழிகள்.

கேள்வி (ஆற்காடு): கோழியைப் பிடிக்கும் தெருநாயை?

பதில்: நாயைச் சுடக் கூடாது. கூண்டை அடிப்பக்கமும் சேர்த்துக் கம்பி வலையால் அடையுங்கள். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.