காமி என்றால் நாங்கள், கித்தா என்றால் நாம்

அன்புள்ள அக்கா,

மெல்பர்னில் இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு. பள்ளியில் இந்தோனேசிய மொழி கட்டாயம். போன மாதம் ஒரு இந்தோனேசிய உணவகத்துக்குக் கூட்டிப்போனார்கள், அடுத்த வாரம் ஆங்க்லுங் என்கிற மூங்கில் வாத்தியப் பயிலரங்காம், அதற்கும் பணம் கேட்கிறார்கள். பிறகு பாலிக்கே கூட்டிப்போவார்களாம், எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் தமிழே பேச மாட்டேன் என்கிறவனுக்கு இந்த மொழி எதற்கு? அடுத்த வருடம் பிரெஞ்சுக்கு மாற்றிக்கொள்ள ஒரு படிவம் தந்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மாற்றிவிடலாமா? இந்தோனேசிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்கிறார் என் கணவர், உண்மையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கணவரின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. கப்பல் அங்கே காப்பால், பெட்டி பெத்தி, கடை கெடாய். வணிகர்களோடு போன சொற்கள் இவை. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் பாருஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. ஆனால் நாலு சொல் கடன் போனதால் ஒரு மொழி நமக்குப் பிறந்ததாகிவிடாது. அதற்கு நம்மைவிட சமஸ்கிருதமும் அரபியும் டச்சும் அதிகம் கொடுத்திருக்கின்றன, அதன் குடும்பமே வேறு. பையனிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லி வகுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள்.

பாலி பற்றிய பயம் புரிகிறது. 2002 அக்டோபர் 12 குண்டுவெடிப்பில் இறந்த 202 பேரில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள், அந்தத் துக்கம் சின்னதல்ல. ஆனால் அதற்கப்புறம் பள்ளிப் பயணங்கள் வருடக்கணக்கில் நின்றுபோயின, ஆசிய மொழிகளுக்காக 1990களின் நடுவில் ஆஸ்திரேலிய மத்திய அரசு தொடங்கிய நிதித் திட்டமும் அதே 2002ல் முடிந்தது, பல பள்ளிகள் இந்தோனேசிய வகுப்பையே கைவிட்டன. உங்கள் பள்ளியில் இன்னும் அது நடக்கிறது என்றால் யாரோ ஒரு டீச்சர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பயணத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது வேறு. "வீட்டில் தமிழே பேச மாட்டேன் என்கிறவனுக்கு இந்த மொழி எதற்கு" என்ற வரி. இதையேதான் நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நானும் மெல்பர்னில் என் தங்கை வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். தங்கை மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தமிழ் புரியும், பேசினால் அரையும் குறையுமாக வரும். "நாங்க பார்க் போலாமா?" என்று அவள் அம்மாவைக் கூப்பிடுவாள். கூப்பிடுவது அம்மாவை, சொல்லில் அம்மாவுக்கு இடமில்லை! நாம் என்று சொல்லடி என்று தங்கை தினமும் திருத்துவாள், அவளுக்கு ஏறவே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, குழந்தை என்ன செய்யும்.

அவள் பள்ளியிலும் ஆங்க்லுங் நாள் வந்தது, பெரியவர்களும் வரலாம் என்றார்கள், போனேன். மூங்கில் குழாய்களைச் சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், பிடித்து உதறினால் ஒலிக்கும். மேற்கு ஜாவாவின் சுண்டா மக்களுடையது. ஒரு ஆங்க்லுங்கில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வரும், அதனால் ஒரு பாட்டு வேண்டுமென்றால் வகுப்பே வேண்டும். என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். நம் ஸ்வரம் வரும்வரை காத்திருந்து, வரும்போது தவறாமல் உதற வேண்டும். முப்பது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நானும்தான்.

பாட்டு முடிந்ததும் டீச்சர் பலகையில் இரண்டு சொல் எழுதினார். காமி, கித்தா. "காமி வாசித்தோம்" என்று வீட்டில் போய்ச் சொல்லலாம், அம்மா அங்கே இல்லையே. இந்த அறையில் ஒருவருக்கொருவர் சொல்லும்போது கித்தா. மற்ற பிள்ளைகள் விழித்தார்கள். எங்கள் பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "எங்க வீட்டிலயும் இருக்கு, நாங்க, நாம" என்று அத்தனை பேருக்கும் நடுவில் தமிழில் சொன்னாள். டீச்சர் அதையும் பக்கத்தில் எழுதச் சொன்னார். வளைந்து நெளிந்த எழுத்தில் நாம் என்று எழுதினாள், மகரத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே "நாம போலாமா அம்மா" என்றாள். வருடக்கணக்கில் வீட்டில் திருத்தியும் வராதது ஒரு மூங்கில் குழாயால் வந்தது. அவளுக்கு அதுவரை தமிழ் என்பது திட்டு வாங்கும் மொழி, அன்றைக்குத்தான் அவள் கையில் இருக்கும் ஒரு பொருளாக ஆனது. இந்தோனேசிய மொழி தமிழின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறீர்கள், தங்கை. தமிழ் எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் காட்டவும் அதனால் முடியும். பெலும் என்றொரு சொல் இருக்கிறது. சாப்பிட்டாயா என்றால் வெறும் இல்லை சொல்லாமல் பெலும் என்பார்கள், நம் "இன்னும் இல்லை"யேதான். இப்படிக் கேட்டுக்கொண்டே போகலாம் அவனோடு.

கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். உணவகத்துக்குப் போய்வந்தானே, என்ன கேட்டு வாங்கினான் என்று விசாரித்தீர்களா? பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டு, நாசி கோரெங் என்கிற வறுத்த சோற்றைச் சாப்பிட்டு, போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு சுற்றுலாவையும் நான் பார்த்திருக்கிறேன். அது வீண்தான், அதற்குப் பணம் கேட்டால் சண்டை போடுங்கள். "திடாக் பெடாஸ்", காரம் வேண்டாம் என்று பையன் தன் வாயால் ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்தப் பணம் தகும். கட்டணத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அவன் பேசினானா என்று ஒரு வரி இல்லை.

படிவத்தை மறந்தே போனேன். ஆங்க்லுங் நாளுக்குப் பணத்தைக் கட்டிவிடுங்கள். அவன் வீட்டுக்கு வந்ததும் காமிக்கும் கித்தாவுக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழில் கேளுங்கள், அவனைச் சொல்லவிடுங்கள். வெள்ளிக்கிழமை கெடுவை ஒரு வாரம் தள்ளித் தரச் சொல்லி டீச்சரிடம் கேட்டால் தருவார். அப்புறமும் அவனுக்கே பிரெஞ்சுதான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா