'தூள்' படத்துக்கு முன்னால் நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?

பாடிக்கொண்டுதான் இருந்தார். சினிமாக்காரர்களுக்கு 2003-ல்தான் காதில் விழுந்தது.

எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம். மதுரைக்குப் போகும் எங்கள் பஸ் சமயநல்லூர், பரவை என்று நின்று நின்றுதான் போகும். அந்தப் பரவைதான் அவர் பெயருக்கு முன்னால் இருப்பது. 'தூள்' பொங்கலுக்கு வந்தபோது அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போனோம். விக்ரம் ஆட்களைப் போட்டுத் துவைக்கிறார், பின்னணியில் முனியம்மாவின் 'சிங்கம் போல' பாட்டு, தியேட்டர் முழுக்க விசில். அப்பத்தா சண்டையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏய்யா, இது நம்ம பரவைக்காரம்மால்ல?" என்றார். படம் முடிந்து வெளியே வந்தும் அதே பேச்சுதான். கதாநாயகன் பெயர் அவருக்குக் கடைசிவரை மனதில் நிற்கவில்லை.

அப்பத்தாவுக்கு அந்தக் குரல் பழக்கம். எங்கள் பக்கம் காதுகுத்தோ மாரியம்மன் பொங்கலோ வந்தால் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். விடியற்காலையில் சாமிப் பாட்டு. வெயில் ஏறியதும் மைக்செட்காரர் தெம்மாங்குக் கேசட்டைப் போடுவார். அதில் முனியம்மாவின் குரல் கட்டாயம் வரும். கிராமிய இசை மேடைகளில் பல வருஷம் பாடி ஊறிய குரல் அது.

அந்தக் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'கரகரப்பான குரல்' என்று பலரும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நடவு வயலில் ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுத்தால் நாலு வரப்பு தள்ளி நிற்பவளுக்கும் கேட்டாக வேண்டும், அப்போதுதான் அவள் பின்பாட்டு வாங்க முடியும். அதனால் தெம்மாங்கு பாடுகிறவர்கள் குழைந்து பாடுவதில்லை. தொண்டையைத் திறந்து, உச்சத்திலேயே எடுத்து, வரிக் கடைசியை இழுத்து விடுவார்கள். முனியம்மா மைக் முன்னாலும் அப்படித்தான் பாடினார். இசையமைத்த வித்யாசாகர் அதை மழுப்பாமல் விட்டதுதான் அந்தப் பாட்டின் வெற்றி என்பது என் கணிப்பு. இன்னொன்று, மதுரைப் பக்கம் சாமியை வர்ணித்துக் கூப்பிடும் 'வர்ணிப்பு' என்று ஒரு வகை உண்டு. ஒரு கிழவி பேரனை மதுரைவீரனாக வர்ணிக்க, அவன் இறங்கி அடிக்கிறான். சண்டைக்கு இதைவிடப் பொருத்தமாக எதைப் போடுவது?

அப்போதே அவருக்கு வயதாகிவிட்டது. அதன்பிறகு சினிமா அவரைப் பாட்டியாகவே வைத்துக்கொண்டது. படம் படமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் சினிமாவைக் கிண்டலடித்த 'தமிழ்ப் படம்' (2010) கூட நாயகனுக்குப் பாட்டி தேவைப்பட்டபோது இவரைத்தான் கூப்பிட்டது. 2014-ல் 'மான் கராத்தே'யில் அனிருத் இசையில் 'ராயபுரம் பீட்டர்' பாட்டு. இதற்கிடையே கலைஞர் டிவியில் கிராமத்துச் சமையல் செய்து காட்டினார். என் அம்மா அதைத் தவறாமல் பார்ப்பார், குழம்புக்காக இல்லை, நடுவில் பாட்டு ஏதாவது வராதா என்றுதான்.

நாட்டுப்புறப் பாட்டிலிருந்து சினிமாவுக்குப் போனதில் இவர்தான் முதல் ஆள் என்றும் நினைக்க வேண்டாம். சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி 1985-லேயே 'ஆண் பாவம்' படத்தில் நடித்து, தன் பாட்டைத் தானே பாடியவர்.

பணம் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. இவ்வளவு பெயர் எடுத்தவர் 2015-ல் உடம்பு முடியாமல், மருந்துக்குக் கஷ்டப்படுகிறார் என்று செய்தி வந்தது. அதன்பிறகுதான் முதல்வராக இருந்த ஜெயலலிதா அவர் பெயரில் 6 லட்சம் ரூபாய் வைப்பு நிதி போட்டு, வட்டி மாதாமாதம் கிடைக்க ஏற்பாடு செய்தார். 2020 மார்ச் 29-ல் இறந்தார். ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து ஊரில் இருந்தும் எங்களால் போக முடியவில்லை.

'தூள்' பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் மேடையில் பாடியவை யூடியூபில் கிடைக்கின்றன. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரைத் திண்ணையில் வைத்துவிட்டு நீங்கள் தெருமுனைக்குப் போய் நின்று கேளுங்கள்.