சாலைப் பள்ளமும் நாய்க்குட்டியும்: ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வணக்கம்.

நீங்கள் கேட்டதை முதலில் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மூன்று மாதத்துக்கு முன், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும் சான்டிலியில் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். வாசலுக்கு எதிரே சாலையில் பெரிய பள்ளம். மழை பெய்தால் ஓரத்தில் தண்ணீர் தேங்குகிறது. ராத்திரியில் ஏதோ ஒரு பிராணி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறது. மகள் நாய் வளர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். "ஊரில் என்றால் கவுன்சிலரிடம் சொல்லலாம், இங்கே யாரிடம் சொல்வது? விசாவில் இருக்கிறோமே, புகார் கொடுத்தால் சிக்கல் வருமா அண்ணா?" என்று கேட்டிருந்தீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வராது. சாலையில் பள்ளம் என்று சொல்கிறவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, சேவைக்கு வருகிறவரின் குடியுரிமை நிலையைக் கேட்கக் கூடாது என்று கவுன்ட்டி நிர்வாகக் குழு 2021-இல் ஒரு கொள்கையே நிறைவேற்றியிருக்கிறது. நீங்கள் கொடுக்கிற வாடகையிலிருந்துதான் வீட்டுக்காரர் சொத்து வரி கட்டுகிறார். உங்கள் காருக்கும் வருஷா வருஷம் கவுன்ட்டிக்கு வரி கட்டப்போகிறீர்கள். அதனால் தயங்காமல் கேளுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வந்த புதிதில் எங்கள் தெருமுனையில் விளக்கு எரியாது. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் என் மனைவி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வருவாள். நமக்கேன் வம்பு என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அவரே மின் நிறுவனத்துக்குச் சொன்னார். சில நாளில் விளக்கு எரிந்தது. அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

சரி, யாரிடம் சொல்வது என்பதற்கு வருகிறேன். இந்த ஊரில் பாதி வேலை, எது யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடிப்பதுதான். முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபேர்ஃபாக்ஸ் நகரமும் ஃபால்ஸ் சர்ச் நகரமும் கவுன்ட்டியில் சேராத தனி நகரங்கள். வர்ஜீனியாவில் நகரம் என்றால் கவுன்ட்டிக்கு வெளியே என்று பொருள். ஆனால் தபால் முகவரியில் ஃபேர்ஃபாக்ஸ், ஃபால்ஸ் சர்ச், அலெக்சாண்ட்ரியா என்று இருக்கிற ஏராளமான வீடுகள் உண்மையில் கவுன்ட்டிக்குள் இருக்கின்றன. ஹெர்ண்டனும் வியன்னாவும் கவுன்ட்டிக்குள்ளேயே இருக்கும் பேரூர்கள், அவற்றுக்குச் சொந்தமாகப் பொதுப்பணித் துறை உண்டு. உங்கள் சான்டிலி, ரெஸ்டன், சென்டர்வில் இவையெல்லாம் வெறும் இடப்பெயர்கள். அங்கே நகராட்சி என்று எதுவும் கிடையாது, நேரடியாகக் கவுன்ட்டிதான். சந்தேகம் வந்தால் கவுன்ட்டி இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எந்த மேற்பார்வையாளர் தொகுதியில் இருக்கிறீர்கள் என்பதும் அதிலேயே தெரியும். மொத்தம் ஒன்பது தொகுதிகள். நீங்கள் கேட்ட கவுன்சிலருக்குச் சமமானவர் அந்த மேற்பார்வையாளர்தான். எந்தத் துறையும் அசையாதபோது அவருடைய அலுவலகத்துக்கு எழுதலாம், பதில் போடுவார்கள்.

இப்போது பள்ளம். பொதுப்பணி என்றவுடன் கவுன்ட்டியைக் கூப்பிடத்தான் தோன்றும். ஆனால் வர்ஜீனியாவில் 1932-இல் வந்த ஒரு சட்டத்தால் கவுன்ட்டிச் சாலைகள் மாநில அரசின் கைக்குப் போய்விட்டன. இன்றைக்கு ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ என்ற இரண்டு கவுன்ட்டிகள் மட்டுமே தங்கள் சாலைகளைத் தாங்களே பராமரிக்கின்றன. பதினோரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஃபேர்ஃபாக்ஸில், வீட்டு வாசலில் ஓடும் சின்னத் தெருவும் மாநிலப் போக்குவரத்துத் துறையான வீடாட்டின் (VDOT) பொறுப்பு. பனி தள்ளுவது, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மானை அகற்றுவது எல்லாம் அவர்கள்தான். 800-367-7623 என்ற எண்ணில் சொல்லலாம், அவர்களுடைய இணையதளத்தில் வரைபடத்தில் இடத்தைக் குறித்தும் அனுப்பலாம். வெறுமனே "பெரிய பள்ளம்" என்று எழுதாதீர்கள். எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, எந்தப் பக்கம் போகும் தடத்தில், எத்தனை அங்குல ஆழம், பக்கத்தில் தீயணைப்புக் குழாய் இருக்கிறதா என்று எழுதுங்கள். வேலைக்கு வருகிறவர் லாரியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் இருப்பது டவுன்ஹவுஸ் வளாகம் என்றால் தெரு தனியாருடையதாக இருக்கலாம். அப்போது வீடாட்டும் வராது, கவுன்ட்டியும் வராது. வீட்டு உரிமையாளர் சங்கம்தான் போட வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

தேங்கும் தண்ணீருக்கு முதலில் போய்க் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் வடிகால் வாயில் இலைகள் அடைத்திருக்கும், ஒரு வாருகோல் போதும். கார் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே குழாய் உடைந்திருந்தாலோ மண் சரிந்திருந்தாலோ கை வைக்காதீர்கள். சாலையோர வடிகால் வீடாட்டுடையது. வீடுகளுக்குப் பின்னால் புல்வெளிக்குள் ஓடும் மழைநீர்க் குழாய்கள் பெரும்பாலும் கவுன்ட்டிப் பொதுப்பணித் துறையின் மழைநீர்ப் பிரிவுக்குச் சேர்ந்தவை. அந்த வாயில் விழும் எதுவும் சுத்திகரிப்புக்குப் போகாது, நேராக ஓடையில் கலந்து பொட்டோமாக் ஆற்றில் சேரும். பெயின்ட் பிரஷ் கழுவிய தண்ணீரை அங்கே ஊற்றக் கூடாது என்பது அதனால்தான்.

வீட்டுக் கழிவுநீர் விஷயம் சமையலறையிலிருந்து தொடங்குகிறது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். சூடாக இருக்கும்போது ஓடிவிடும், குளிர்ந்த குழாய்க்குள் போனதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஆறவிட்டு, காலி ஊறுகாய் பாட்டிலில் மூடிக் குப்பையில் போடுங்கள். எப்போதாவது அடித்தளக் குளியலறையில் சாக்கடை எதிர்த்து வந்தால், பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் கவுன்ட்டியின் கழிவுநீர்ப் பிரிவைக் கூப்பிடுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஆள் உண்டு. தெருவிலுள்ள பெருங்குழாயில் அடைப்பு என்றால் அவர்களே எடுத்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக் கிளைக்குழாயில் அடைப்பு என்றால்தான் வீட்டுக்காரர் செலவு.

மண்ணைத் தோண்டுவதாக இருந்தால், பந்தல்கால் நடுவதற்குக்கூட, சில வேலை நாட்களுக்கு முன்பே 811-ஐக் கூப்பிடுங்கள். காசு கிடையாது. ஆட்கள் வந்து புல்லின்மேல் வண்ணத்தில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், பச்சை சாக்கடை, ஆரஞ்சு தொலைபேசி. எங்கள் வீட்டில் அவரைப் பந்தலுக்கு நான் குறித்து வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மஞ்சள் கோடு போனது. அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இனிப் பிராணிகள். குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பது அநேகமாக ரக்கூனாக இருக்கும். அதைக் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வர்ஜீனியாவில் அது சட்டப்படி குற்றம். நோயைப் புது இடத்துக்குக் கொண்டுபோகிற வேலையும் ஆகிவிடும். தொட்டியை ராத்திரியே வெளியே வைக்காமல் குப்பை லாரி வருகிற அன்று காலையில் வையுங்கள், மூடியை இறுக்குங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். என் அம்மா இங்கே வந்திருந்தபோது அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்தார். மிச்சச் சோற்றுக்கு எலி வரத் தொடங்கியது. வைக்காதே என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு தட்டில் வைத்து, பறவைகள் தின்றதும் தட்டை உள்ளே எடுத்துவிடுவோம் என்று பேசி முடிவு செய்தோம். அம்மாவுக்கும் மனசு நோகவில்லை.

தள்ளாடி நடக்கிற, ஆளைப் பார்த்தும் பயப்படாத ரக்கூனோ நரியோ கண்ணில் பட்டால் கிட்டே போகாமல் 703-691-2131-ஐக் கூப்பிடுங்கள். அவசரமில்லாத போலீஸ் எண் அது. விலங்குகளுக்கென்று இங்கே தனிக் காவல் பிரிவு இருக்கிறது. சீருடையில் வருவார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெயிலில் பூட்டிய காருக்குள் தவிக்கும் நாய், வாரில் கட்டாமல் துரத்துகிற நாய், அடிபட்ட மான் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். மே, ஜூனில் புதர் ஓரம் உடம்பில் புள்ளி போட்ட மான்குட்டி தனியாகப் படுத்திருந்தால் மட்டும் தூக்காதீர்கள். தாய் மேயப் போயிருக்கும், திரும்பி வரும்.

வௌவாலைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்லியாக வேண்டும். ஒரு ஆகஸ்ட் ராத்திரி மூன்று மணிக்கு, எங்கள் சின்னவன் தூங்குகிற அறையில் படபடவென்று சத்தம். விளக்கைப் போட்டால், திரைச்சீலை மடிப்பில் கட்டைவிரல் அளவில் ஒரு வௌவால். ஊரில் ஆலமரத்தில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பழந்தின்னிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் பயமில்லை. சன்னலைத் திறந்து, துண்டால் மெதுவாக விரட்டிவிட்டேன். காலையில் செவிலியராக இருக்கும் தோழி ஒருவர் கேட்டுப் பதறிப்போய், உடனே கவுன்ட்டி சுகாதாரத் துறையைக் கூப்பிடச் சொன்னார். அங்கே பேசிய அம்மா கேட்ட முதல் கேள்வி, "வௌவாலைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா?" அமெரிக்காவில் மனிதர்கள் ரேபிஸால் இறப்பதற்கு முக்கியக் காரணம் வௌவால். அதன் பல் அவ்வளவு சின்னது, கடித்த தடம்கூடத் தெரியாது. தூங்குகிற குழந்தையால் சொல்லவும் முடியாது. வௌவால் கையில் இருந்தால் பரிசோதித்துப் பார்த்து, நோயில்லை என்றால் ஊசியே வேண்டாம். நான் வெளியே விட்டுவிட்டதால் அவன் முதல் நாள் எதிர்ப்புப்புரத ஊசியும், இரண்டு வாரத்தில் நாலு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று வயதுப் பிள்ளை, ஒவ்வொரு முறையும் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் பிள்ளையை வெளியே தூக்கிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, அது ஓரிடத்தில் உட்கார்ந்ததும் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி மூடி, ஒட்டிவிட்டுக் கூப்பிடுங்கள். அடித்து நசுக்கக் கூடாது, பரிசோதனைக்கு மூளைதான் வேண்டும். நாயோ பூனையோ கடித்தாலும் இப்படித்தான்: சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரைப் பார்த்து, சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் தனியாக வைத்துக் கவனிப்பார்கள்.

கடைசியாக மகளின் ஆசை. கடையில் வாங்குவதற்கு முன் வெஸ்ட் ஆக்ஸ் ரோட்டில் இருக்கும் கவுன்ட்டி விலங்குக் காப்பகத்துக்கு அவளை ஒருமுறை அழைத்துப் போங்கள். லார்ட்டனிலும் 2023-இல் இன்னொன்று திறந்திருக்கிறார்கள். தெருவில் கிடைத்த நாயை உரிமையாளருக்காகக் குறைந்தது ஐந்து நாளும், கழுத்துப்பட்டையோ வேறு அடையாளமோ இருந்தால் மேலும் ஐந்து நாளும் வைத்திருந்து, அப்புறம்தான் தத்துக்குக் கொடுப்பார்கள். நாய் வந்தால், நாலு மாதம் ஆனதும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டிக் கவுன்ட்டி உரிமம் வாங்க வேண்டும். வருஷத்துக்கு 10 டாலர். அந்தத் தகடு கழுத்தில் இருந்தால், நாய் ஓடிப்போனாலும் வீடு வந்து சேரும். குறைந்த கட்டணத்தில் தடுப்பூசி முகாமும் அவ்வப்போது நடத்துகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள், பிள்ளைக்கு ஆசை காட்டிவிட்டு மறுப்பது கொடுமை.

காப்பகத்துக்குப் போகிற அன்று பழைய எண்ணெய்ப் பெயின்ட் டப்பா, பேட்டரி, ஓடாத கம்ப்யூட்டர் ஏதாவது வீட்டில் கிடந்தால் காரில் போட்டுக்கொள்ளுங்கள். அதே சாலையில் கொஞ்ச தூரத்தில்தான் ஐ-66 குப்பை மாற்று நிலையம். குப்பையில் போடக் கூடாத இந்த மாதிரி வீட்டுச் சாமான்களை அங்கே வாங்கிக்கொள்வார்கள்.

பள்ளத்துக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள் தம்பி. ஒரு புகார் எண் கொடுப்பார்கள், அதைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் அசையாவிட்டால் அந்த எண்ணோடு எனக்கு எழுதுங்கள், மேற்பார்வையாளர் அலுவலகத்துக்குச் சேர்ந்தே எழுதுவோம்.